கலைச்சொல் விவாதம்: ‘வரத்து நாட்காட்டி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

‘சிங்க்’ (sync) என்பதற்கு ‘ஒத்திசைவு’ நிலைத்துவிட்ட சொல். அதை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. நாட்காட்டிச் செயலிகளில் ஒத்திசைவே இல்லாத வேலைகளுக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டோம் என்பதுதான் என் குறை.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், செம்பனைத் தோட்டத்து இளைஞர் மன்றம் என்று எல்லாரும் இப்போது பகிர்வு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். கணினி பார்க்கத் தெரிந்தவன் என்பதால் ஃபோன் என்னிடம் வந்துவிடும். “தம்பி, சிங்க் ஆகல” என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கோளாறு எங்கே என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் வந்த ஐசிஎஸ் கோப்பை (நிகழ்வு விவரம் அடங்கிய .ics கோப்பு) திறந்து ‘சேர்’ என்று அழுத்தினால் அது வெறும் நகல். அனுப்பியவர் பிறகு தேதியை மாற்றினாலும் நகலுக்குத் தெரியாது. திருத்திய கோப்பை மறுபடி அனுப்பும்போது உள்ளே இருக்கும் யூஐடி என்ற அடையாளம் மாறியிருந்தால் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். ஒரே பூசை இரண்டு நாளில் நிற்கும். இதற்கு ‘இறக்குமதி’ என்ற சொல் இருக்கிறது, போதும்.

கணக்கில் நுழைந்து பயன்படுத்துவது இன்னொன்று. 2007-இல் ஆர்எஃப்சி 4791 என்ற இணையத் தர ஆவணமாக வந்த கால்டேவ் (CalDAV) நெறிமுறை இந்த வகை. இங்கே எழுதியது அங்கே போகும், அங்கே அழித்தது இங்கே அழியும். ஒத்திசைவு என்ற பெயர் இதற்கு மட்டும்தான் பொருந்தும். இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். நிகழ்வைக் கணக்கில் போடாமல் ஃபோனுக்குள்ளேயே இருக்கும் நாட்காட்டியில் போட்டிருப்பார்கள். அது எங்கேயும் போகாது. அல்லது பகிர்ந்தவர் ‘பிஸியா இல்லையா’ என்பதை மட்டும் காட்டும் அனுமதி கொடுத்திருப்பார். தலைப்பு தெரியாமல் ‘பிஸி’ என்று மட்டும் வரும். ஐபோனாக இருந்தால், கூகுளின் ஒத்திசைவுத் தேர்வுப் பக்கத்தில் அந்தப் பகிர்வு நாட்காட்டிக்கு டிக் போடாமல் விட்டிருப்பார்கள். கணினியில் தெரிகிறது, ஃபோனில் தெரியவில்லை என்றால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

நடுவில் மாட்டிக்கொண்டது மூன்றாவது. ஒரு நாட்காட்டியின் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டால் செயலி அவ்வப்போது போய் எடுத்துவரும். நாம் எழுதுவது எதுவும் திரும்பிப் போகாது. கூகுள் நாட்காட்டியில் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பயனர் அவசரப்படுத்தவும் வழியில்லை. நம் மக்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பழுது என்று முடிவு கட்டி, நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். இதற்குத்தான் பெயர் வேண்டும்.

ஆங்கில ‘சப்ஸ்கிரைப்’ என்பதைச் ‘சந்தா’ என்று மொழிபெயர்த்த இடங்கள் உண்டு. தோட்டத்தில் சந்தா என்றால் தொழிற்சங்கத்துக்குக் கட்டும் பணம், கோயிலுக்கு மாதாமாதம் கொடுக்கும் பணம். அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னால் “எவ்வளவு பிடிப்பாங்க?” என்று கேட்பார்கள். ‘பின்தொடர்’ என்பதை ஃபேஸ்புக் எடுத்துக்கொண்டது. ஆகவே நான் முன்வைப்பது ‘வரத்து நாட்காட்டி’. ஏரிக்கு நீர்வரத்து போல, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவது. (அப்படியானால் இருவழிக்குப் ‘போக்குவரத்து நாட்காட்டி’ என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். பஸ் அட்டவணை என்று நினைத்துவிடுவார்கள்!)

உங்கள் கருத்து?

*

மறுமொழி, கிள்ளானிலிருந்து

தம்பிக்கு, வணக்கம். பிரித்தது நல்லது. ஆனால் ‘வரத்து’ நம் பிள்ளைகளுக்குப் புழக்கத்தில் இல்லை. வகுப்பில் சொன்னால் ‘வரம்’ என்பதோடு குழப்பிக்கொள்வார்கள். ‘பார்வை நாட்காட்டி’ என்று வைத்தால் என்ன? பார்க்கலாம், தொட முடியாது. சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் ஒன்றை இப்படி முகவரி கொடுத்துச் சேர்த்தேன். திதி நேரமெல்லாம் இரண்டரை மணி நேரம் தவறாக நிற்கிறது. இது உங்கள் மூன்றில் எந்தக் கோளாறு? இந்திய நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் 1982-க்கு முன் இரண்டு மணி நேரம்தான். அப்போது அச்சுப் பஞ்சாங்கத்தை வைத்து மனக்கணக்காகவே கூட்டிக்கொண்டோம்.

*

மறுமொழி, சுங்கை சிப்புட்டிலிருந்து

ஐயா, ‘பார்வை’ அழகான சொல்தான், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கணக்கு வழியாகப் பகிரும் நாட்காட்டிக்கும் ‘பார்க்க மட்டும்’ என்ற அனுமதி உண்டு. அதில் தேதியை மாற்றினால் சீக்கிரமே தெரியும். முகவரி வழி வருவது மறுநாள் காலையில்கூட வரலாம். இரண்டையும் பார்வை என்றால் ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்பவருக்கு என்ன பதில் சொல்வது? அனுமதி வேறு, வரும் வழி வேறு. ‘பார்வை’ அனுமதிக்கு இருக்கட்டும்.

உங்கள் பஞ்சாங்கம் ஒழுங்காகத்தான் வந்து சேர்கிறது. கோப்பை எழுதியவர் நேர மண்டலத்தைக் குறிக்காமல் விட்டிருக்க வேண்டும். ஐசிஎஸ் கோப்புகள் பின்பற்றும் ஐகேலண்டர் முறையில் மண்டலம் இல்லாத நேரம், பார்ப்பவரின் உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அங்கே மாலை 6:12 என்றால் இங்கேயும் 6:12 என்றே காட்டும், உண்மையில் நமக்கு இரவு 8:42. அனுப்புகிற இடத்தில் திருத்தினால்தான் உண்டு. ஃபோனில் நேரத்தை மாற்றிப் பார்க்காதீர்கள், மற்றதெல்லாம் கெட்டுவிடும். திருத்தினாலும் திதிதான் சரியாகும். ராகுகாலம் சூரிய உதயத்தை ஒட்டியது என்பதால் அதை நம் ஊருக்கென்றே கணிக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. முழுநாள் விழாவைத் தேதியாக எழுதாமல், உலகப் பொதுநேரம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று எழுதிவிடுவார்கள். நமக்கு அது காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 வரை நீளும். தைப்பூசம் இரண்டு நாள் என்று யாராவது சொன்னால் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ‘வரத்து’ தெரியாது என்பது நியாயம்தான். ஆனால் ‘போக்குவரத்து’ தெரியும், அதன் பின்பாதியைப் பிரித்துக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால், கோயிலில் ஒட்டப்போகும் தாளில் ‘வரத்து நாட்காட்டி – மாற்றம் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம்’ என்றே போடுகிறேன்.