இடது அம்புக்குறியில் விரலை வைத்தால் எடுக்காதவர்கள்: ஷார்ட்கட் கட்டாயமா?

கருந்திரை:
நேற்று அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சின்க் கட்டளை ஒன்று, இரண்டு வரி நீளம். தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. இடது அம்புக்குறியை அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான். கர்சர் எறும்பு மாதிரி ஊர்கிறது. பிழையைத் தாண்டிப் போய், திரும்ப வலப்பக்கம் வந்தான். அதற்குள் எதைத் திருத்த வந்தோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

கண்ட்ரோல்-ஏ அடித்தால் வரியின் தொடக்கம், கண்ட்ரோல்-இ அடித்தால் கடைசி. கர்சருக்கு இடப்பக்கம் இருப்பதை அழிக்க கண்ட்ரோல்-யூ, வலப்பக்கம் இருப்பதை அழிக்க கண்ட்ரோல்-கே. அழித்தது திரும்ப வேண்டுமானால் கண்ட்ரோல்-ஒய். பழைய கட்டளையைத் தேட கண்ட்ரோல்-ஆர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இவற்றைக் கட்டாயமாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

ராத்திரி ஷிப்ட்:
நான் மறுக்கிறேன், அதுவும் கண்ட்ரோல்-ஆரை. என் கதையைக் கேளுங்க. முன்னாடி வேலை பார்த்த இடத்துல சர்வருக்குப் பொது லாகின், எல்லாருக்கும் ஒரே ஹிஸ்டரி, அதான் பழைய கட்டளைகளோட பட்டியல். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம். என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும். கண்ட்ரோல்-ஆர் அடிச்சு ‘சிஸ்டம்’னு டைப் பண்ணினேன், தெரிஞ்ச வரி மாதிரி இருந்துச்சு, எண்டர் தட்டிட்டேன். அது முந்தின நாள் வேற யாரோ பராமரிப்புக்காக அடிச்ச ‘ஸ்டாப்’. பாதி உயிரோட இருந்த தளத்தை நானே முழுசாப் படுக்க வெச்சேன்.

கைவேகத்தால வந்த வினை இது. அடிக்கடி ஓட்டுற கட்டளைன்னா ஒரு ஸ்கிரிப்ட்ல, அதான் கட்டளைக் கோப்புல, எழுதி வைங்க, நாலு பேர் படிச்சுப் பார்க்கட்டும். ப்ராம்ப்ட்ல, அதான் நேரா கட்டளை அடிக்கிற வரியில, வித்தை காட்ட வேண்டாம்.

கருந்திரை:
பொது லாகின் வைத்தது தப்பு. அதற்கு ஷார்ட்கட்டைத் திட்டலாமா? கண்ட்ரோல்-ஆர் வரியைக் காட்டியதும் எண்டர் அடித்தால் உடனே ஓடிவிடும், உண்மைதான். அதனால்தான் நான் முதலில் வலது அம்புக்குறியோ கண்ட்ரோல்-இ-யோ அடிப்பேன். தேடல் முடிந்து, வரி ப்ராம்ப்டில் சும்மா நிற்கும். படித்துவிட்டு ஓட்டலாம். வேண்டாமென்றால் கண்ட்ரோல்-ஜி, பழையபடி வந்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்:
ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அலறும்போது இதெல்லாம் ஞாபகம் இருக்குமா சார்?

புதுசு_23:
அண்ணா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் கண்ட்ரோல்-எஸ் அடிச்சா டெர்மினல் அப்படியே உறைஞ்சு போகுது. என்ன அடிச்சாலும் அசையல. மூணு தடவை விண்டோவையே மூடிட்டேன். சேவ் பண்ற பழக்கத்துல கை தானா போயிடுது.

விஐ விசுவாசி:
தம்பி, கண்ட்ரோல்-க்யூ அடிங்க, உயிர் வந்துடும். டெலிடைப் காலத்து மிச்சம் அது, வெளியீட்டை நிறுத்தி வைக்கிற சைகை. நீங்க அடிச்சதெல்லாம் உள்ளே போய்க்கொண்டேதான் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ‘எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன்’ என்பதை, நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் போட்டால் தொல்லை ஒழிந்தது. அப்புறம் கண்ட்ரோல்-எஸ் ஹிஸ்டரியில் முன்னோக்கித் தேடும்.

கருந்திரை சொல்வதெல்லாம் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் வழி விசைகள். ‘செட் மைனஸ் ஓ விஐ’ என்று ஒரு வரி போட்டால் விஐ எடிட்டர் வழி விசைகள் வரும், கண்ட்ரோலை அழுத்தும் சுண்டுவிரல் பிழைக்கும். அந்தச் சண்டையை இங்கே ஆரம்பிக்கவில்லை.

கருந்திரை:
ஆரம்பித்தாயிற்று :)

ராத்திரி ஷிப்ட், ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எதையாவது மாற்றுகிற வேலைக்கு ஸ்கிரிப்ட்தான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுது பார்க்கும்போது முதலில் செய்வது துருவிப் பார்ப்பது. எரர் லாகை ‘லெஸ்’ என்ற படிக்கும் கருவியில் திறக்கிறேன், மூடுகிறேன். அடுத்து அதே கோப்பின் கடைசியில் புதிதாகச் சேரும் வரிகளை ‘டெய்ல்’ போட்டுக் கவனிக்க வேண்டும். ‘டெய்ல் மைனஸ் எஃப்’ அடித்து, ஆல்ட்-புள்ளி. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல், அதாவது அந்த முழுப் பாதையும், வந்து உட்கார்ந்துவிடும். மறுபடி அழுத்தினால் அதற்கும் முந்தையது. அடுத்து எதைத் தேடப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் எந்த ஸ்கிரிப்டை எழுதுவது?

இன்னொன்று, இந்த விசைகள் பேஷ் பயன்படுத்தும் ரீட்லைன் என்ற நிரல் நூலகத்தில் இருக்கின்றன. நிரல்களில் பிழை தேடும் கருவியான ஜிடிபி-யிலும் இதே விசைகள்தான்.

ராத்திரி ஷிப்ட்:
ஆல்ட்-புள்ளிக்கு மட்டும் தலை வணங்குறேன். மேக்ல வேலை செய்யல, எஸ்கேப் தட்டிட்டுப் புள்ளி வெச்சாத்தான் வருது.

ஆனா ஒருத்தர் எனக்கு ‘பாதுகாப்பான வழி’ன்னு கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-இ சொல்லிக்கொடுத்தார். நீளமான வரியை எடிட்டர்ல திறந்து திருத்தலாமாம். திறந்தேன், பார்த்தேன், பயந்தேன், சேவ் பண்ணாம வெளியே வந்தேன். பழைய வரி அப்படியே ஓடிடுச்சு! இதுக்குப் பேரு பாதுகாப்பா?

விஐ விசுவாசி:
திறக்கும் எடிட்டர் விம் என்றால் ‘கோலன் சிக்யூ’ போட்டு வெளியே வரணும், அப்போது ஓடாது. அவ்வளவு பயமென்றால் ஆல்ட்-ஹாஷ். வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு, குறிப்பாக்கி, ஓட்டாமலே ஹிஸ்டரியில் சேர்த்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்:
இதைத்தான் முதல் வாரத்துல முதல்ல சொல்லித்தரணும். கண்ட்ரோல்-ஏ எல்லாம் பிறகு.

புதுசு_23:
அண்ணா, கண்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும்னு வேறொரு இடத்துல படிச்சேன். கிளவுட் கன்சோல்ல, பிரவுசருக்குள்ளயே இருக்கிற டெர்மினல்ல அடிச்சுப் பார்த்தேன். டேப்பே மூடிடுச்சு. உள்ளே ஒரு பேக்கப் ஓடிட்டு இருந்துச்சு.

ராத்திரி ஷிப்ட்:
கருந்திரை, மேடைக்கு வாங்க.

கருந்திரை:
...பிரவுசரில் ஆல்ட்-பேக்ஸ்பேஸ் பயன்படுத்துங்க தம்பி. பாதையில் ஒவ்வொரு துண்டாகத்தான் அழிக்கும், அதுவும் ஒரு வசதிதான். பேக்கப் இன்னும் ஓடுதா என்று முதலில் பாருங்க.