மலைக்குளிரில் மீன் தொட்டி: உயிர்ச்செடியா, பிளாஸ்டிக் செடியா?

கோத்தகிரி_அப்பா:
2 அடி தொட்டி வாங்கியாச்சு. உள்ளே 3 கோல்டு ஃபிஷ், ஹீட்டர் கிடையாது. பொண்ணுக்கு நிஜச் செடிதான் வேணுமாம். இந்தக் குளிருக்குப் பிழைக்குமா, பிளாஸ்டிக்கே போதுமா?

பெர்ன்ஹில்_வாசி:
பிளாஸ்டிக் போதும் நண்பரே. பட்டவன் சொல்றேன். சென்னை கொளத்தூரில் கிரிப்டோகோரைன்னு ஒரு தண்ணிச்செடி 6 கொத்து வாங்கி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வெச்சு ஊட்டிக்குக் கொண்டுவந்தேன். டிசம்பர் மாசம், காலையில் தொட்டித் தண்ணி 14 டிகிரி. ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழாச்சு, ஃபில்டர் பஞ்சு அடைச்சுது, 2 மீன் போச்சு. இப்போ இருக்கிற பிளாஸ்டிக் செடிக்கு 4 வயசு. பாசி பிடிச்சா பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன், அவ்வளவுதான்.

குன்னூர்_அக்கா:
தம்பி, அந்தச் செடி செத்திருக்காது. கிரிப்டோ இடம் மாறினாலே இலையைக் கரைச்சுடும், சமவெளியில் வெச்சாலும் அப்படித்தான். வேர் மணலுக்குள்ள உயிரோட இருக்கும். கரையற இலையை அன்னன்னைக்குக் கிள்ளி எடுத்துட்டுக் காத்திருக்கணும்.

கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்றது ஜாவா ஃபெர்ன். இலை தடிமன், கோல்டு ஃபிஷ் பெரும்பாலும் தொடாது. கிழங்கை மட்டும் மணலில் புதைச்சுடாதீங்க, அழுகிடும். கல்லிலோ கட்டையிலோ கறுப்பு நூலால் கட்டுங்க. நம்ம மலைத் தண்ணியில் தாது உப்பு கம்மி, அது இந்தச் செடிக்கு ஒத்துக்கும். என் தொட்டியில் முத்தின இலையோட அடியில் கறுப்புப் புள்ளி விழுந்து, அதுலேர்ந்து நகக்கண் அளவு குட்டிச் செடி வேரோட தொங்குது. உங்க பொண்ணு அதைப் பார்க்கணும்.

இன்னொண்ணு. மீன் கழிவில் வர்ற அம்மோனியா மீனுக்கே விஷம், அதைச் செடி உறிஞ்சும். குளிரில், அம்மோனியாவை மாத்துற ஃபில்டர் பாக்டீரியா மந்தமாயிடும், அப்போ அந்த ஒத்தாசை ரொம்ப முக்கியம். பிளாஸ்டிக் அதைச் செய்யுமா?

பெர்ன்ஹில்_வாசி:
குளிரில் செடியும்தானே அக்கா மந்தம்? ஜாவா ஃபெர்ன் சாதாரணமாவே மெதுவா வளர்ற செடி. அது எவ்வளவு அம்மோனியாவை இழுக்கும்? வாரம் ஒருதரம் கால் தொட்டித் தண்ணி மாத்துறதுதான் மீனைக் காப்பாத்தும்.

குன்னூர்_அக்கா:
அது நியாயம். ஃபெர்ன் மட்டும் போதாது, ஒத்துக்கறேன். கூட ஹார்ன்வொர்ட் மிதக்க விடலாம். குளிரைத் தாங்கும், வேகமா வளரும், வேரே கிடையாது. மீன் கொஞ்சம் கொறிக்கும், கொறிக்கட்டும். ஆனா பிளாஸ்டிக் நுனியில் என் ஃபைட்டர் மீனோட வால் கிழிஞ்சு தொங்கினதைப் பார்த்தவ நான். அதுக்கப்புறம் பிளாஸ்டிக்கை வீட்டுக்குள்ள விடலை.

பெர்ன்ஹில்_வாசி:
வாங்கும்போதே பழைய நைலான் துணியை அதுமேல இழுத்துப் பார்க்கணும். நூல் மாட்டினா மீன் வாலும் மாட்டும். பட்டுத்துணியில் செஞ்ச செடின்னா அந்தத் தொல்லை குறைவு.

பேத்துப்பாறை_விவசாயி:
கொடைக்கானல் பக்கம். எனக்குப் பயமே ஹார்ன்வொர்ட்தான். அது ஒரு துண்டு கிடைச்சாலே புதுச் செடியாகும். வெட்டின தழையைக் கழுவுற தண்ணியோட ஓடையில் ஊத்துறாங்க. ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்ததை எல்லாருமே பார்த்திருக்கோம். உண்ணிச்செடியும் அழகுக்குன்னு கொண்டுவந்ததுதான், இன்னைக்குக் காடு முழுக்க அதுதான். எங்க தண்ணி கீழே எத்தனையோ ஊருக்குப் போகுது. தொட்டிச் செடியை ஓடைக்கு விடுறவர் பிளாஸ்டிக்கே வைக்கட்டும்.

குன்னூர்_அக்கா:
அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் வெட்டின தழையை வெயிலில் மொறுமொறுன்னு காயவெச்சு ரோஜாச் செடிக்குப் போடறேன். தொட்டித் தண்ணியும் தோட்டத்துக்குத்தான், சாக்கடைக்கு இல்லை.

கோத்தகிரி_அப்பா:
அப்போ ஃபெர்ன் மட்டும் வைக்கிறேன். ஓடை எங்க வீட்டுப் பின்னாடியே ஓடுது, ஹார்ன்வொர்ட் வேண்டாம். அக்கா, அந்தக் குட்டிச் செடி ஒண்ணு கிடைக்குமா?

குன்னூர்_அக்கா:
ரெண்டாவே தர்றேன். ஈரப் பேப்பரில் சுத்தி டப்பாவில் வெச்சா கோத்தகிரி வரைக்கும் தாங்கும்.

பெர்ன்ஹில்_வாசி:
தண்ணி மாத்துறதை மட்டும் விட்டுடாதீங்க. அந்தத் தொட்டிக்கு 3 கோல்டு ஃபிஷ்ஷே அதிகம்.