புதுப்பிப்பு: காட்டுப் பள்ளிக்கு மகளுக்கு என்ன உடை?

ஐந்து வயது மகளைப் பினாங்கில் காட்டுப் பள்ளிக்கு (காட்டில், மரங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடிக் கற்கும் பள்ளி) அனுப்புகிறேன், என்ன உடை, என்ன காலணி வாங்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காலணியில் ஜெயித்தது கம்போங் அடிடாஸ்தான்! அந்தக் காலத்தில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்க, போனவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் முள்முள்ளாக இருப்பதால் ஈரமண்ணில் வழுக்குவதில்லை, தண்ணீர் புகுந்தாலும் கவிழ்த்து ஊற்றிவிட்டு நடக்கலாம், வீட்டுக்கு வந்து குழாயடியில் கழுவினால் போதும். விலையும் மலிவு. காலுறை இல்லாமல் போட்டால் குதிகால் உரியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருத்திச் சட்டை வேண்டாம் என்று சொன்னவர்கள் சரி. நம் ஊர் புழுக்கத்தில் நனைந்த பருத்தி காயவே காயாது, தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும். சீக்கிரம் காயும் துணியில் முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம். ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறினால் உடனே தெரியும்.

ஐரோப்பியப் பட்டியல்களில் வருகிற உள்துணி வைத்த மழை உடுப்பு இங்கே வியர்வைக் கூண்டு, தலைவழியாக மாட்டும் மெல்லிய போன்சோ போதும். ஆனால் மாற்றுத்துணியை மட்டும் இறுக மூடும் பைக்குள் வையுங்கள். கொசு மருந்து சன்ஸ்கிரீனுக்கு அப்புறம்தான் பூச வேண்டும், குழந்தையின் உள்ளங்கையில் வேண்டாம், கண்ணைக் கசக்கிவிடும்.

இன்னும் கிடைக்காதது அட்டைக் காலுறை, அதாவது அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் நீளக் காலுறை. பெரியவர்கள் அளவுதான் எங்கும் இருக்கிறது, இவளுக்கு இடுப்பு வரை வருகிறது. பட்டர்வொர்த் பக்கம் சின்ன அளவு பார்த்தவர்கள் கடையைச் சொல்லுங்கள்.