விளையாட்டுக் கணினியில் ராம் கூட்டுதல்: இன்னொரு 16 ஜிபி சேர்ப்பதா, ஜோடியாகப் புதிதாக வாங்குவதா?

ஈசூன்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன் பயன்படுத்தும் மேசைக் கணினியில் ராம் கூட்டுவது குறித்து, விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். அதில் ரைசன் 5 5600 செயலி, நான்கு ஸ்லாட் கொண்ட பி550 மதர்போர்டு, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஆகியவை உள்ளன.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 விளையாடும்போது, பெரிய நகரங்களின் மேல் தாழ்வாகப் பறக்கையில் படம் ஒரு கணம் நின்று, பிறகு குலுங்கி ஓடுகிறது. உலாவியும் டிஸ்கார்டும் பின்னணியில் திறந்திருந்தால் இது அடிக்கடி நேர்கிறது. அப்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அதே பக்கத்தில் வேகம் 2400 என்றும், நான்கு ஸ்லாட்டுகளில் ஒன்றே பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டுகிறது. ஆனால் ராம் ஸ்டிக்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் 3200, சிஎல்16, 1.35 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் விசாரித்தபோது, டிடிஆர்4 பழையதாகிவிட்டது, டிடிஆர்5க்கு மாறிவிடுங்கள் என்றார்கள். இதே வகையில் இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் சேர்ப்பதா, இருப்பதை விற்றுவிட்டு 32 ஜிபி ஜோடி வாங்குவதா, கடைக்காரர் சொன்ன வழியில் போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. ராம் விலை இவ்வளவு ஏறியிருக்கும் நேரத்தில் செலவு வீணாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

பொங்கோல்காரர் எழுதியது:

ஐயா, வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 3200 வேகத்திற்கு உரிய ஸ்டிக் 2400இல் ஓடிக்கொண்டிருக்கிறது. லேபிளில் உள்ள வேகம் தானாக வந்துவிடாது. ஸ்டிக்கைப் பொருத்தியதும் மதர்போர்டு பாதுகாப்பான அடிப்படை வேகத்தையே எடுத்துக்கொள்ளும், தயாரிப்பாளர் குறித்துவைத்த எக்ஸ்எம்பி அமைப்பை நாம்தான் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், இயக்க வேண்டும். கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி உள்ளே சென்றால், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். ஆசுஸ் போர்டுகளில் டிஓசிபி என்றும், எம்எஸ்ஐ போர்டுகளில் ஏ-எக்ஸ்எம்பி என்றும் பெயர் மாறியிருக்கலாம்.

ரைசன் செயலியில் இதன் பலன் ராமோடு நின்றுவிடுவதில்லை. செயலிக்குள் உள்ள இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்னும் இணைப்பு, வழக்கமான அமைப்பில், ராமின் பாதி எண்ணில் ஓடுகிறது. ராம் 2400 என்றால் அது 1200 மெகாஹெர்ட்ஸ்; 3200 என்றால் 1600. ஆகவே உங்கள் மகனின் கணினியில் இப்போது ராம் மட்டுமன்றிச் செயலியின் உள்வழியும் சேர்ந்தே மெதுவாக இருக்கிறது.

அடுத்தது ஒற்றை ஸ்டிக். ராமுக்கும் செயலிக்கும் இடையே தரவு செல்லும் பாதையைச் சேனல் என்கிறோம்; ஸ்டிக் ஒன்றே இருந்தால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். டிடிஆர்4 சேனல் ஒன்றின் அகலம் 64 பிட், அதாவது ஒரு முறைக்கு 8 பைட். 2400இல் ஒரு சேனல் மட்டும் வேலை செய்தால் விநாடிக்கு 19.2 ஜிபி தரவே கடக்க முடியும். 3200இல் இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனல்களும் வேலை செய்தால் அது 51.2 ஜிபி. இது உச்ச அளவுதான், விளையாட்டின் வேகமும் அதே விகிதத்தில் ஏறிவிடாது. ஆனாலும் நகரத்தின் கட்டடங்களைக் கணத்துக்குக் கணம் ஏற்றி இறக்கும் இத்தகைய விளையாட்டில், நீங்கள் சொல்லும் அந்தக் குலுங்கல் குறைவதற்கு இது பெரிதும் உதவும்.

கொள்ளளவு பற்றியும் ஐயம் வேண்டாம். இந்த விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி என்றும், பரிந்துரைக்கும் அளவு 32 ஜிபி என்றும் அதன் வெளியீட்டாளரே அறிவித்திருக்கிறார். 16 ஜிபியில் விண்டோஸ், உலாவி, டிஸ்கார்டு ஆகியவை எடுத்துக்கொண்டது போக மீதியில்தான் விளையாட்டு ஓடுகிறது. இடம் போதாதபோது விண்டோஸ் தரவை வட்டில் உள்ள பேஜ் ஃபைல் என்னும் தற்காலிகக் கோப்புக்குத் தள்ளுகிறது. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ராமுக்கு ஈடாகாது.

டிடிஆர்5 யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டு வகைக்கும் 288 பின்கள்தாம் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால், உங்கள் ஸ்லாட்டில் அது நுழையவே நுழையாது. மேலும் ரைசன் 5 5600 பொருந்தும் ஏஎம்4 என்னும் மதர்போர்டுத் தளத்தில் டிடிஆர்5 கிடையாது. அதற்கு மாற வேண்டுமானால் மதர்போர்டும் செயலியும் சேர்த்து வாங்க வேண்டும். அது ராம் கூட்டுவதன்று, புதுக் கணினி கட்டுவது. உங்கள் செயலி இன்னும் நன்றாக உழைக்கக்கூடியது.

தெம்பனிஸ் உறுப்பினர் எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஸ்டிக் சேர்ப்பதில் மட்டும் சில எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

ஜோடியாக ஒரே பெட்டியில் விற்கப்படும் ஸ்டிக்குகள் அந்த வேகத்தில் சேர்ந்து ஓடும் என்னும் உறுதியோடு வருகின்றன. தனித்தனியாக வாங்கினால் அந்த உறுதி இல்லை. ஒரே மாடல் எண்ணாக இருந்தாலும், ஆண்டுகள் கழித்து வரும் ஸ்டிக்கில் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறு நிறுவனத்துடையவையாக இருக்கலாம். சில தயாரிப்பாளர்கள் லேபிளில் பதிப்பு எண்ணையும் அச்சிடுகிறார்கள். அது ஒத்துப்போனால் கவலை குறையும். ஒத்துப்போகாவிட்டாலும் 3200 என்பது டிடிஆர்4க்கு மிதமான வேகம்தான் என்பதாலும், ரைசன் 5 5600க்கு அதுவே அதிகாரபூர்வ வேகம் என்பதாலும், இரண்டு ஸ்டிக்குகள் பெரும்பாலும் இணங்கிப் போய்விடும். 3600க்கு மேற்பட்ட வேகமாக இருந்திருந்தால் ஜோடியாகத்தான் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது 3200 என்னும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தரவு கேட்டபின் வருவதற்கு ஆகும் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணையும் பாருங்கள். 3200 சிஎல்16 என்றால் தாமதம் 10 நானோவிநாடி. 3200 சிஎல்22 என்றால் 13.75 நானோவிநாடி. இரண்டையும் கலந்து போட்டால் இரண்டுமே மெதுவானதன் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே சிஎல்16, 1.35 வோல்ட் என்று உங்களிடம் உள்ளதற்கு நிகரானதையே கேளுங்கள். ஸ்டிக்கைக் கழற்றாமலே சிபியு-இசட் என்னும் மென்பொருளின் எஸ்பிடி பக்கத்தில் முழு மாடல் எண்ணைப் பார்க்கலாம். அதைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதால், வீட்டுப் பயனீட்டாளருக்கான ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததும் இதன் தொடர்ச்சிதான். பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும் என்று நம்புவதற்கு இப்போது காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனவே, நல்ல நிலையில் உள்ள ஸ்டிக்கை விற்றுவிட்டு 32 ஜிபிக்கும் முழு விலை கொடுப்பதைவிட, இன்னொன்றைச் சேர்ப்பதே உங்களுக்கு ஏற்றது.

எங்கே வாங்குவது என்பதையும் யோசியுங்கள். பழைய பொருள்களும் விற்கப்படும் கேரோசல் இணையத்தளத்தில் தனிநபரிடம் வாங்கினால் விலை குறையலாம், ஆனால் கடையில் வாங்குவோருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அங்கே இல்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், லெமன் சட்டம் என்று நாம் வழங்கும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும் பொறுப்பு விற்றவருடையது. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனியாக நன்றாக ஓடும் ஸ்டிக்கைக் குறையுள்ள பொருள் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது எளிதன்று.

சுவா சூ காங் நண்பர் எழுதியது:

ராம் கூட்டிய பிறகும் குலுங்கல் முழுதாக நிற்காமல் போகலாம் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்தக் கிராபிக்ஸ் கார்டில் இருப்பது 8 ஜிபி. நகரங்களின் மேல் பறக்கையில் டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை உச்சத்தில் வைத்தால் அது நிரம்பிவிடும். நிரம்பி வழிவது ராமுக்குத்தான் வரும். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் கார்டின் சொந்த நினைவகமும், கணினி ராமிலிருந்து எடுத்துக்கொண்ட பங்கும் தனித்தனியாகத் தெரியும். முதலாவது முழுதும் நிரம்பி, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால், டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள். 32 ஜிபி என்ன, 64 ஜிபி போட்டாலும் கார்டின் நினைவகம் பெருகாது.

ஈசூன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினோம். இப்போது 3200 என்று காட்டுகிறது. குலுங்கல் ஓரளவு குறைந்திருப்பதாக மகன் சொல்கிறான், ஆனால் மெமரி நிரம்புவது அப்படியேதான் இருக்கிறது. டெக்ஸ்ச்சர் தரத்தையும் ஒரு படி இறக்கிவிட்டான். அதே மாடல் எண் கொண்ட ஸ்டிக்கை ஒரு கடையில் பார்த்தோம். பதிப்பு எண் மட்டும் வேறு. ஒத்துவராவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். இதைப் பொருத்தும்போது எந்த ஸ்லாட்டில் போடுவது, ஒத்துப்போகிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது?

பொங்கோல்காரர் எழுதியது:

எழுதித் தருகிறார்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும்.

கணினியை நிறுத்தி, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கிவிடுங்கள். ஸ்டிக்கைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டியவை. ஏ2, பி2 என்று குறித்திருக்கும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் அமைந்துவிடும், வாங்கியதன் பயன் பாதியாகிவிடும். போர்டின் கையேட்டில் உள்ள படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்டுகளைச் சரிபார்த்து, இரு முனைகளிலும் கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை நேராக அழுத்துங்கள். அரைகுறையாக அமர்ந்த ஸ்டிக்தான் திரை வராமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருக்கிறது.

முதல் முறை இயக்கும்போது கணினி ஓரிரு முறை தானாக அணைந்து எரிந்தால் பதற்றப்படாதீர்கள். புதிய ராமைப் பழக்கிக்கொள்கிறது. எக்ஸ்எம்பி கலைந்திருந்தால் மீண்டும் இயக்குங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் 32 ஜிபி, 3200, நான்கில் இரண்டு ஸ்லாட் என்று தெரிய வேண்டும். சிபியு-இசட் 1600 என்று காட்டும். அது கடிகாரத்தின் உண்மையான எண், ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு கடப்பதால்தான் 3200 என்கிறோம்.

திரை வந்துவிட்டது என்பதற்காக விளையாட்டைத் தொடங்கிவிட வேண்டாம். மெம்டெஸ்ட்86 என்னும் ராம் சோதனை மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, அதன் இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றுகளையும் இரவில் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஏற்கக் கூடாது. பிழையுள்ள ராம் விளையாட்டை நிறுத்துவதோடு விடாது, மகன் சேமிக்கும் பாடக் கோப்புகளையும் சத்தமின்றிக் கெடுக்கும். பிழை வந்தால் புதிய ஸ்டிக்கை மட்டும் தனியே போட்டுச் சோதியுங்கள். தனியாகவும் பிழை காட்டினால் அது குறையுள்ள பொருள். தனியாக நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை என்றால், எக்ஸ்எம்பியை இயக்கியபடியே வேகத்தை மட்டும் 3000க்கு இறக்கி மறுபடி சோதித்துப் பாருங்கள். அதிலும் தேறாவிட்டால் ரசீதோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.