ஆயா வீட்டை மெஸ் ஆக்குறேன், சுவர் உப்பு விடுது. டைல்ஸ் ஒட்டலாமா?

கல்மண்டபம்காரன்:
ராயபுரத்துல எங்க ஆயா வீடு. செங்கல் கட்டடம், மேல தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். முன்ரூம்ல எட்டு டேபிள் போட்டு மீன் குழம்பு மெஸ் ஆரம்பிக்கிறேன். போன வருஷம்தான் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சேன். இப்ப இடுப்பு உயரத்துக்கு பெயிண்ட் அப்பளமா எழும்பி உதிருது. காலைல துடைச்ச டேபிள்ல மதியம் வெள்ளைத் தூள். பெயிண்டர் டைல்ஸ் ஒட்டிடலாம்ன்றாரு.

பழைய மேஸ்திரி:
ஒட்டாத தம்பி. டைல்ஸுக்கு மேல ஏறி உப்பு விடும். அடியில ஏறுற ஈரம் சுண்ணாம்புச் சுவர்னா வெளிய வந்து காஞ்சிடும். நீ சிமெண்ட் பூசி வழிய அடைச்சுட்ட. உப்பு உள்ளயே நின்னு செங்கலைத் தின்னுது. கடல்காத்து வேற. ராயபுரம் ஸ்டேஷன் 1856ல திறந்தது, சிமெண்டா போட்டாங்க? மெட்ராஸ்ல சிமெண்ட் செஞ்சு பார்த்ததே 1904லதான்.

பூச்சை உளி வெச்சு மெதுவா கொத்தி எடு. மெஷின் வெச்சா செங்கல் முகம் பேந்துடும். மழையில்லாத மாசமா பார்த்துக் காய விடு. பூக்குற உப்பைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டு. தண்ணி ஊத்திக் கழுவுனா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். அப்புறம் ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு. நாங்க கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி சேர்ப்போம். அந்த நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும், பூசி காஞ்சா போயிடும். மேல பெயிண்ட் வேணாம், வெறும் சுண்ணாம்பு வெள்ளை. சாயுறவங்க சட்டையில ஒட்டும்தான், பெஞ்சுக்குப் பின்னால பலகை அடி, சுவர்ல இருந்து ரெண்டு விரல் தள்ளி.

பீச் அத்தோக்கடை:
சுவர் பத்தி எனக்குத் தெரியாது ப்ரோ. அடுப்பை மட்டும் அந்த டெரஸுக்குக் கீழ வெச்சிடாதீங்க. எண்ணெய்ப் புகை கட்டையில பிசினா ஒட்டும், தீ பிடிச்சா அவ்ளோதான். பின்கட்டுல ஷெட் போடுங்க. லைசென்சுக்கு வர்றவங்க கழுவுற மாதிரி சுவர் கேப்பாங்க, உங்க பெயிண்டர் ஆசைப்பட்ட டைல்ஸை அங்க ஒட்டிக்கலாம்.

பழைய மேஸ்திரி:
சரியா சொன்னாரு. தம்பி, கட்டை சுவருக்குள்ள போற முனை எல்லாம் ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டிப் பாரு.

கல்மண்டபம்காரன்:
தட்டினேன்ணே. பதினொண்ணுல பத்து 'டங்'. தெருப்பக்கம் மூணாவது 'பொத்'. குத்தினா மாவுல போற மாதிரி உள்ள போகுது.

பழைய மேஸ்திரி:
அதுக்குக் கீழ டேபிள் போடாத. இன்னிக்கே சவுக்குக் கம்பு முட்டு குடுத்துட்டு போட்டோ போடு.