ஒரு பெண்ணை ‘ஜாம்பவான்’ என்று எழுதலாமா?

திண்ணைப் பள்ளிக்காரி:
என் பெரியம்மா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அரசுப் பள்ளியில் 33 வருடம் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு தேறாது என்று மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளைச் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, கழித்தலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். நானும் அந்தத் திண்ணையில் தேறியவள்தான். பாராட்டு விழா பிளக்ஸுக்கு ‘கணக்கு ஜாம்பவான்’ என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்கார அண்ணன், “அது ஆம்பளைக்குத்தானே வரும்? ஜாம்பவதின்னு போடவா?” என்கிறார். எது சரி?

மெய்ப்பு பார்ப்பவன்:
ஜாம்பவதி வேண்டாம் அம்மா. பகவான், பகவதி மாதிரி என்று கடைக்காரர் நினைத்திருப்பார், அந்த இலக்கணம் சரிதான். ஆனால் ஜாம்பவதி என்பவள் ஜாம்பவானின் மகள், கிருஷ்ணனை மணந்தவள். அது ஒருத்தியின் பெயராகவே நின்றுவிட்டது.

தேனி பஸ்:
‘கணக்குப் புலி’ போடுங்க அக்கா. ஆண் பெண் சிக்கலே இல்லை. கில்லாடி மட்டும் வேண்டாம், அதில் தந்திரக்கார வாடை அடிக்கும்.

மெய்ப்பு பார்ப்பவன்:
புலி நல்ல சொல், தம்பி. ஆனாலும் இந்த டீச்சருக்கு ஜாம்பவானைத்தான் கேட்பேன். ‘கிரிக்கெட் ஜாம்பவான்’ என்று பத்திரிகைகளில் படித்துப் படித்து, நிறைய ரன் குவித்தவர் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ராமாயணத்தில் ஜாம்பவான் என்ற அந்தக் கிழக் கரடி கடலைத் தாண்டவே இல்லை. தாண்ட வேண்டியது 100 யோசனை தூரம் (யோசனை என்பது அந்தக் காலத்துத் தூர அளவு). இந்த வயதில் தன்னால் 90தான் முடியும் என்கிறார் வால்மீகியின் ஜாம்பவான். அப்புறம், ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அனுமனிடம் போய், அவனுடைய பிறப்பையும் பலத்தையும் எடுத்துச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அனுமன் எழுந்து வளர்கிறான். உங்கள் பெரியம்மா திண்ணையில் செய்ததும் அதுதானே? மேதை, நிபுணர் போல இதுவும் பட்டமாகிவிட்ட சொல். பெண்ணுக்குத் தாராளமாகப் போடலாம்.

திண்ணைப் பள்ளிக்காரி:
ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. ‘எங்கள் கணக்கு ஜாம்பவான்’ என்றே போடச் சொல்லிவிட்டேன். நடுவில் ஒற்று வருமா?

மெய்ப்பு பார்ப்பவன்:
வராது அம்மா. க, ச, த, ப வந்தால்தான் மிகும். அச்சுக்குப் போகும் முன் ‘ஜாம்பவான்’ இரண்டு வரியாக உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.