மறு: 'ஆம்பிகுயிட்டி'க்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

திருவாரூரிலிருந்து:
சொல்லாக்கக் குழும அன்பர்களே, பயிலரங்கக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பில் (பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து தொடங்கும் முறை), சிக்கலை வரையறுக்கும் குழுவுக்கு என்ன மனப்பாங்கு வேண்டும் என்பதுதான் பாடம். ஐடியோ.ஆர்க் என்ற வடிவமைப்பு அமைப்பு 2015இல் வெளியிட்ட கையேட்டில் ஏழு சொல்லியிருக்கிறார்கள். ஆறைத் தமிழில் சமாளித்துவிட்டேன் ('எம்பதி'க்கு ஒத்துணர்வு என்று போட்டாயிற்று, தயவுசெய்து மறுபடி கிளறவேண்டாம்). மாட்டிக்கொண்டது 'எம்ப்ரேஸ் ஆம்பிகுயிட்டி'. 'தெளிவின்மையைத் தழுவு' என்று எழுதினேன், மாணவர்கள் சிரித்துவிட்டார்கள்.

போன ஐப்பசியில் இவர்களை நெல் கொள்முதல் நிலையத்துக்கு அழைத்துப்போனேன். ஈரப்பதம் 17 விழுக்காடுதான் வரம்பு என்று கேட்டதுமே, 'ஈரப்பதம் காட்டும் செயலி இல்லாததே சிக்கல்' என்று எழுதி நீட்டிவிட்டார்கள். சாலையோரக் குவியலுக்குத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஈரம் எனக்கே தெரியுது தம்பி, காயப்போடக் களம்தான் இல்ல" என்றார். அந்த அவசரத்துக்கு எதிர்ப்பதம் எதுவோ அதுதான் எனக்கு வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, சொல் கையிலேயே இருக்கிறது. 'தேறற்க யாரையும் தேராது', குறள் 509. தேர்தல் என்றால் ஆராய்வது, தேறுதல் துணிவது. ஆராயும்வரை துணியாத மனம் 'தேறாமை'. தேறு தன்வினை, தேற்று பிறவினை. கலங்கிய நீரைத் தேற்றுவதால்தான் தேற்றாங்கொட்டை. அந்த மரத்தின் பழைய பெயர் இல்லம், கலித்தொகையில் 'இல்லத்துக் காழ்' என்று வருகிறது. ஆடியில் புதுத்தண்ணீர் செம்மண்ணாக வரும்போது என் பாட்டி பானையின் உள்பக்கம் கொட்டையை இழைத்துவிட்டு, யாரையும் மொள்ள விடமாட்டார், தானே அடியில் படியும் என்பார்.

மன்னார்குடியிலிருந்து:
கொட்டை அருமை அண்ணா, சொல் வேண்டாம். 'இது தேறாது' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? 'குழுவுக்குத் தேறாமை அவசியம்' என்று அச்சில் வந்தால் அரியர் வைத்த பையன் சட்டம் போட்டு மாட்டிவிடுவான். 'ஐயப்பொறை', அதாவது ஐயத்தைப் பொறுத்துக்கொள்வது, எப்படி?

தஞ்சாவூரிலிருந்து:
வேகமாகப் படித்தால் ஐயப்பன் வந்துவிடுகிறார். அப்புறம், எங்கள் தெருவில் பொறை என்றால் டீக்கடையில் வாங்கி நாய்க்குப் போடுவது. இந்தக் குழுமத்தில் தூய்மை பார்த்துப் பார்த்தே பாதிச் சொல் அகராதியோடு நின்றுவிட்டது. அந்தக் களத்து அம்மாவுக்குப் புரிகிற மாதிரி வையுங்கள்: 'பொறுத்துத் தெளிதல்'.

திருவாரூரிலிருந்து:
சரி, மூன்று பேர் ஒத்துக்கொண்டதால் 'பொறுத்துத் தெளிதல்' என்றே அனுப்பிவிட்டேன். அச்சகத்தில் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
தெளிதல் விளைவு ஐயா, மனப்பாங்கு அல்ல. தெளியாமல் இருக்கும்போது எப்படி இருப்பது என்பதல்லவா கேள்வி? என் மறுப்பைப் பதிவு செய்யவும். தேற்றா மரமும் வீடும் ஒரே 'இல்'லிலிருந்து வந்தனவா என்று தனி இழையில் எழுதுகிறேன்.